டிஎக்ஸ் பூஜ்யமா, இல்லையா?

“ராணி, அந்த டிஎக்ஸ் பூஜ்யமா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

கணக்கு விரிவுரையாளர் டாக்டர் குணாளன் இதைக் கேட்டபோது நான் வெள்ளைப் பலகைக்கு முன்னால் மார்க்கரும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். சுண்டுவிரலில் நீல மை அப்பியிருந்தது. ஏர்கோன் போர்வை கேட்கும் அளவுக்குக் குளிர்ந்தது. இருந்தும் என் முதுகில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் கேள்வியில் ஒரு பொறி இருந்தது. பூஜ்யம் என்றால், “அப்ப அதால எப்படி வகுத்தீங்க?” என்பார். பூஜ்யம் இல்லை என்றால், “அப்ப கடைசியில எப்படித் தூக்கிப் போட்டீங்க?” என்பார். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து.

கால்குலஸ் பாடத்தில் நான் ஏற்கெனவே இரண்டு முறை பெயில். மூன்றாவது முறையும் போனால் பட்டப்படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். அதுதான் எங்கள் கல்லூரியின் விதி. எழுத்துத் தேர்வை ஓரளவு நன்றாகவே செய்திருந்தேன். ஆனால் பாதி மதிப்பெண் தரும் இந்தப் பலகை விளக்கத்தில் நல்ல மதிப்பெண் விழுந்தால்தான் பிழைப்பேன். விழாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால், அங்கே எப்படி வந்து மாட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நேராகக் கதை சொல்ல வராது என்பது இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். போன வாரம் கார் லைசென்ஸ் எடுத்த கதையில்கூட நான் காரில் ஏறுவதற்குள் பக்கம் முடிந்துவிட்டது.

“அப்படித்தான், எழுதிக்கோ”

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் என்று எழுதினாலே சிலர் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்கிறார்கள். எனக்கு அந்த ஏக்கமெல்லாம் கிடையாது. அங்கே கொசு கடித்தது என்னைத்தானே? அங்கிருந்து நான் கொண்டுவந்த சொத்து ஒன்றே ஒன்று. எதைச் சொன்னாலும் “ஏன்?” என்று கேட்கும் கெட்ட பழக்கம்.

பின்னத்தால் வகுக்கும்போது அதைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்றார் கணக்கு வாத்தியார். “ஏன் சார் தலைகீழாக்கணும்?” என்றேன். “அப்படித்தான், எழுதிக்கோ” என்றார். நான் எழுதவில்லை. வகுப்புக்கு வெளியே முட்டி போட்டேன். முட்டி வலித்ததே தவிர, ஏன் தலைகீழாக்க வேண்டும் என்பது கடைசிவரை விளங்கவில்லை.

ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்ததும் சுங்கை பட்டாணியில் ஃபேக்டரி வேலை. பிறகு கல்யாணம், பாக்கார் ஆராங்கில் ஒரு தொடர்வீடு, பிள்ளைகள். மருத்துவமனைகளுக்குப் போகும் பிளாஸ்டிக் குழாய்களை அளந்து பார்க்கும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் டெக்னீஷியன். வேலை அத்துப்படி. ஆனால் ஒவ்வொரு வருடமும் நேற்று வந்த ஒரு புது எஞ்சினியருக்கு நான்தான் எல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவன் கையெழுத்துப் போடுவான், நான் பின்னால் நிற்பேன். ஒரு நாள் வயிறு எரிந்து, பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டேன். நாற்பதைத் தாண்டிய பிறகு.

என் கணவர் மோகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. நான் சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்தால், “என்னா, இன்னைக்கும் கால்குலஸ் கால்வலியா?” என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முதல் முறை பெயிலாகும் வரை.

எப்சிலான் என்கிற எமன்

கால்குலஸ் என்றால் பயப்படாதீர்கள். மோகனுடைய வேன் அலோர் ஸ்டார் சாலையில் போகிறது. இந்த நொடியில் அதன் வேகம் என்ன? அவ்வளவுதான் கேள்வி. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்று கேட்டால் வகுத்துவிடலாம். ஆனால் “இந்த நொடி” என்பது ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் நேரமும் நகரவில்லை, வேனும் நகரவில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும்? ஒன்றும் வராது, தலைவலிதான் வரும்.

இதிலிருந்து தப்பிக்கப் பாடப்புத்தகம் காட்டும் வழிக்குப் பெயர் லிமிட். எல்லை. டாக்டர் குணாளன் அதை வேதம் மாதிரி நடத்துவார். “எந்த எப்சிலான் கொடுத்தாலும், அதுக்குப் பொருத்தமா ஒரு டெல்டா இருக்கணும்” என்று தொடங்குவார். அந்த வாக்கியம் முடிவதற்குள் எனக்கு எப்சிலான் எது, டெல்டா எது, யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது மறந்துவிடும்.

“சார், ஏன் இப்படிச் சுத்தி வளைக்கணும்?” என்று கேட்டேன்.

“அப்படித்தான்மா. இது டெஃபனிஷன்.”

முட்டி போடச் சொல்லாததுதான் பாக்கி.

இரண்டாவது முறை பெயிலானபோது என்னைக் கவிழ்த்த கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. எக்ஸின் மாடுலஸ், அதாவது குறைக் குறியைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும் சார்பு. வரைந்தால் ‘வி’ எழுத்து மாதிரி இருக்கும். அதன் கூர்முனையில், பூஜ்யத்தில், அதற்குச் சாய்வு உண்டா இல்லையா என்று நிரூபிக்கச் சொன்னார்கள். நான் எப்சிலானையும் டெல்டாவையும் பக்கம் முழுக்கத் தூவி வைத்தேன். திருத்தியவர் ஒரே கோடு போட்டு அடித்திருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து, காரைப் போர்ச்சில் நிறுத்திவிட்டு, இறங்காமலே அழுதேன். மோகன் வந்து கண்ணாடியைத் தட்டினார். என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் கால்வலி பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கோலா கெடாவில் வெள்ளிக்கிழமை

கெடாவில் எங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. வெள்ளிக்கிழமைகளில் மோகன் மீன் வாங்கக் கோலா கெடாவுக்குப் போவார். சுங்கை பட்டாணியில் மீனே கிடைக்காதது போல் அத்தனை தூரம் ஓட்டுவார். ஆற்றுமுகத்தில் படகு வந்து இறக்கும் மீன்தான் மீனாம்.

அங்கேதான் என் வகுப்புத் தோழி ரஸியாவின் வீடு. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் டெக்னீஷியன். என்னைவிடச் சில வயது இளையவள், என்னைவிட இரண்டு மடங்கு பிடிவாதக்காரி. லங்காவித் தீவுக்கு ஃபெரி புறப்படும் படகுத்துறைக்குப் பக்கத்தில் அவள் அண்ணன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை நண்பகலில் அண்ணனும் வேலையாட்களும் தொழுகைக்குப் போனதும் கடையின் இரும்புக் கதவு பாதிக்கு இறங்கிவிடும். உள்ளே விசிறிச் சத்தமும் மீன் குழம்பு வாசனையும் நாங்கள் இருவரும்தான். அந்த நேரம்தான் எங்கள் படிப்பு நேரம்.

மூன்றாம் முறை பாடத்துக்குப் பதிந்துகொண்ட சில நாட்களில், ஃபேக்டரி கேண்டீனில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரு வெறியோடு தட்டினேன். “லிமிட் இல்லாமல் கால்குலஸ்”. ஏதாவது புலம்பல்தான் வரும் என்று நினைத்தேன். ஒரு முழுப் பாடநூலே வந்தது, இலவசமாக.

அதில் எப்சிலான் சண்டையே கிடையாது. முதல் அத்தியாயத்திலேயே ஒரு புது வகை எண்ணைக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறார்கள். பூஜ்யத்தைவிடப் பெரியது, ஆனால் நீங்கள் சொல்லும் எந்தச் சாதாரண எண்ணையும்விடச் சிறியது. பத்தில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று, கோடியில் ஒன்று, எதைச் சொன்னாலும் அதைவிடச் சிறியது. நுண்ணளவு என்று தமிழில் சொல்லலாம். அதைக் கூட்டலாம், பெருக்கலாம், குறைக் குறி போட்டு பூஜ்யத்துக்கு இடப்பக்கம் வைக்கலாம், பூஜ்யம் இல்லை என்பதால் அதால் வகுக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு, வந்த விடைக்கு ஆக நெருக்கமாக ஒரே ஒரு சாதாரண எண் இருக்கும். அதை எழுதிவிட்டு எழுந்து போகலாம்.

கால்குலஸைக் கண்டுபிடித்தவர்களே இப்படித்தான் கணக்குப் போட்டார்களாம். பின்னால் வந்தவர்கள், “பார்க்க முடியாத எண்ணுக்கு என்ன ஆதாரம்?” என்று கூச்சப்பட்டு, லிமிட்டைக் கொண்டுவந்து மூடி மறைத்தார்கள். போன நூற்றாண்டில்தான் ஒருவர், இந்த எண்களை வைத்துக்கொண்டாலும் கணக்கில் எந்த முரண்பாடும் வராது என்று முறையாக நிரூபித்தாராம். படித்ததும் எனக்கு, முட்டி போட்டிருந்தவளை எழுந்து உள்ளே வரச் சொன்னது மாதிரி இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கடையில் காட்டியபோது ரஸியா நம்பவில்லை. “அக்கா, இது குறுக்கு வழிலா. சார் பார்த்தா வெட்டிப் போடுவாரு.”

“குறுக்கு வழி இல்லடி. வேற வழி.”

“சரி, எக்ஸ் ஸ்கொயருக்குப் போட்டுக் காட்டுங்க பார்ப்போம்.”

தாளிப்பதற்கு முன்னால்

போட்டேன். கேவலமாகத் தோற்றேன்.

எக்ஸோடு டிஎக்ஸ் என்ற நுண்ணளவைக் கூட்டி, வர்க்கப்படுத்தி, பழைய எக்ஸ் ஸ்கொயரைக் கழித்து, டிஎக்ஸால் வகுக்க வேண்டும். நான் முதல் வரியிலேயே, “டிஎக்ஸ்தான் ஒண்ணுமே இல்லையே” என்று அதை அடித்துவிட்டேன். எக்ஸ் ஸ்கொயரிலிருந்து எக்ஸ் ஸ்கொயர் போனால் மேலே பூஜ்யம். கீழே இருந்த டிஎக்ஸையும் அதே கையோடு அடித்தேன். கீழேயும் பூஜ்யம். மறுபடியும் பழைய தலைவலி.

இது என் தொழில் செய்த வேலை. எங்கள் பிரிவில், அளவில் வரும் வித்தியாசம் அனுமதித்த அளவுக்குள் இருந்தால் அந்த இடத்திலேயே பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்த குழாயை எடுக்க வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் வரிசை தேங்கிவிடும். இத்தனை வருடங்களாகச் சின்ன வித்தியாசத்தைக் கண்ட இடத்தில் தீர்த்துக்கட்டியே சம்பளம் வாங்கிய கை, டிஎக்ஸை மட்டும் உயிரோடு விடுமா?

வேறு கணக்குகளை எடுத்தும் அதே கதைதான். ஒவ்வொன்றிலும் என் கை முந்திக்கொண்டு அடித்தது. “பார்த்தீங்களா? உங்க புது வழியும் பூஜ்யத்துலதான் வந்து நிக்குது” என்றாள் ரஸியா. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேனாவை மேசையில் வீசினேன்.

அதற்குள் தொழுகை முடிந்து கடைக் கதவு ஏறிவிட்டது. மீன் பையோடு மோகன் வந்து உட்கார்ந்து சோறு கேட்டார். மோகனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கறிவேப்பிலை பல்லில் பட்டாலே முகம் சுளிப்பார். ஒவ்வொரு இலையாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் குவித்துவிட்டுத்தான் சாப்பிடுவார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இதில் எரிச்சல்.

“இதுக்கு நீங்க கறிவேப்பிலையே போடாம சமைக்கச் சொல்லலாம்லா” என்றேன், டிஎக்ஸ் மேல் இருந்த கோபத்தை அவர் மேல் காட்டி.

“போடாட்டி வாசம் எப்படி வரும்? போடணும். அப்பறம் ஒதுக்கணும்” என்று சொல்லிவிட்டு அவர் மீன் முள்ளைக் கவனித்தார்.

ரஸியா அவர் தட்டையே பார்த்தாள். பிறகு என் தாளைப் பார்த்தாள். “அக்கா,” என்றாள் மெதுவாக, “நீங்க தாளிக்கிறதுக்கு முன்னாடியே தூக்கிப் போட்டுட்டீங்கலா.”

நான் பேனாவை மறுபடியும் எடுத்தேன். இந்த முறை டிஎக்ஸை அடிக்கவில்லை. வர்க்கப்படுத்தினேன். கழித்தேன். இரண்டு எக்ஸ் டிஎக்ஸும், ஒரு டிஎக்ஸ் ஸ்கொயரும் மிஞ்சின. டிஎக்ஸால் வகுத்தேன். இரண்டு எக்ஸும், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு டிஎக்ஸும் நின்றன. அதற்கு ஆக நெருக்கமான சாதாரண எண் எது? இரண்டு எக்ஸ்! பாடப்புத்தகம் ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி வளைத்துச் சொன்ன அதே விடை, நாலே வரியில்.

“வந்திருச்சு!” என்று நான் போட்ட கூச்சலில் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்தான்.

“என்னா வந்துச்சு, ஃபெரியா?” என்றார் மோகன்.

அதற்குப் பிறகு என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. வாராவாரம் அந்தப் பாதிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு அத்தியாயமாகத் தின்றேன். வேடிக்கை என்னவென்றால், நுண்ணளவு புரிந்த பிறகு அந்த எமன் எப்சிலானும் புரிந்துவிட்டான். இரண்டும் ஒரே ஊருக்குத்தான் போகின்றன. ஒன்று நேர்ச் சாலை, மற்றது கம்பத்துக் கிராமச் சந்துகளுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு போகிறது. ரஸியா அந்தச் சுற்றுவழியிலேயே போனாள். போகட்டும், அவள் விருப்பம்.

மறுபடியும் பலகை

இப்போது அந்தக் குளிர்ந்த வகுப்பறைக்கு வருவோம். உள்ளபடி நான் பலகையில் லிமிட் வழியில்தான் செய்திருக்க வேண்டும். ரஸியா காலையில் என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். “அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் சார் வழியில போயிருங்க. பாஸ் பண்ணிட்டு அப்பறம் வீரம் காட்டுங்க.” சரி என்றுதான் சொன்னேன். ஆனால் மார்க்கரைக் கையில் எடுத்ததும், எனக்குப் புரிந்த வழியை விட்டுவிட்டு மனப்பாடம் செய்ததை எழுத என் கை மறுத்துவிட்டது.

அன்றைய பேச்சில் பாதி ஆங்கிலம். உங்களுக்காக முழுவதையும் தமிழில் தருகிறேன்.

“டிஎக்ஸ் பூஜ்யமா, இல்லையா?”

“இல்ல சார். பூஜ்யம் இல்ல.”

“அப்ப கடைசி வரியில ஏன் தூக்கிப் போட்டீங்க?”

“தூக்கிப் போடல சார். கடைசி வரி வேற கேள்விக்குப் பதில். இந்த விடைக்கு ஆகக் கிட்ட இருக்கிற சாதாரண எண் எதுன்னு கேட்டு, அதை எழுதினேன். அப்படி ஒரே ஒரு எண்தான் இருக்க முடியும். கறிவேப்பிலை மாதிரி சார். வாசம் இறங்குற வரைக்கும் சட்டியில இருக்கணும். சாப்பிடறப்பதான் ஒதுக்கணும். முதல்லயே எடுத்துட்டா குழம்பே இல்ல.”

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“எந்தச் சாதாரண எண்ணைவிடவும் சின்னது, ஆனா பூஜ்யம் இல்ல. அப்படி ஒரு எண் இருக்குன்னு யார் அனுமதி கொடுத்தாங்க?”

இந்த இடத்தில்தான் எனக்குப் பழைய சிடாம் கிரிக் கோபம் வந்தது. பயம் போன இடம் தெரியவில்லை.

“சார், போன மாசம் நீங்கதான் மைனஸ் ஒண்ணுக்கு வர்க்கமூலம் இருக்குன்னு வெச்சுக்கச் சொன்னீங்க. நாங்க யாரும் அதைப் பார்த்ததில்ல. வெச்சுக்கிட்டோம். அதை வெச்சுக் கரண்ட் கணக்கெல்லாம் போட்டோம், விடையும் சரியா வந்துச்சு. அதுக்கு யார் சார் அனுமதி கொடுத்தாங்க?”

 ரஸியா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

“அதை வெச்சுக்கிட்டா முரண்பாடு வராதுன்னு நிரூபிச்சிருக்காங்க, ராணி.”

“இதுக்கும் நிரூபிச்சிருக்காங்க சார். உங்களுக்கே தெரியும்.”

அவருக்குத் தெரியும். அது அவர் முகத்தில் தெரிந்தது. மெல்ல எழுந்து வந்தார். என் கையிலிருந்த மார்க்கரை வாங்கினார். போச்சு, அழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பலகையின் ஒரு மூலையில் எழுதினார். எக்ஸின் மாடுலஸ். பூஜ்யத்தில். மார்க்கரைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

“உங்க வழியில இதைச் செய்யுங்க.”

என்னைக் கவிழ்த்த அதே கேள்வி! எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

“டிஎக்ஸ் பூஜ்யத்துக்கு வலப்பக்கம் இருந்தா, அதன் மாடுலஸும் அதேதான். வகுத்தா ஒண்ணு” என்று எழுதினேன். “இடப்பக்கம் இருந்தா, மாடுலஸ் குறைக் குறியைக் கழட்டிருது. வகுத்தா மைனஸ் ஒண்ணு. எந்த நுண்ணளவு எடுத்தாலும் ஒரே விடை வரணும். இங்க ரெண்டு வருது. அதனால அந்த முனையில சாய்வே கிடையாது சார். முடிஞ்சிருச்சு.”

மூன்று வரிகள். போன முறை பக்கம் பக்கமாக எழுதி அடி வாங்கிய கணக்கு.

டாக்டர் குணாளன் பலகையில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு, “இது என் நோட்ஸ்ல இல்ல” என்றார். நான் மார்க்கருக்கு மூடி போட்டேன். “ஆனா இதுல தப்பு ஒண்ணும் இல்ல” என்றார்.

நான் இருக்கைக்குத் திரும்ப அடியெடுத்து வைத்தேன்.

“எங்க போறீங்க? நில்லுங்க. பின்னாடி இருக்கிறவங்களுக்குச் சரியாத் தெரியல. முதல்லேருந்து இன்னொரு தடவை செய்ங்க” என்றார். சொல்லிவிட்டு, முன் வரிசையில் காலியாக இருந்த என் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

இரண்டாவது முறை செய்தபோது என் கையெழுத்து பெரிதாக இருந்தது. குரலும்தான். “ஏன்?” என்று ஒருவன் கேட்டான். ஏன் என்று சொன்னேன். இன்னொருத்தி கேட்டாள். அவளுக்கும் சொன்னேன். ஒருவரிடமும் “அப்படித்தான், எழுதிக்கோ” என்று சொல்லவில்லை.

தட்டின் ஓரம்

சில வாரங்கள் கழித்துத் தேர்வு முடிவு கைப்பேசியில் வந்தது. மோகன் மீன் வாங்கிக்கொண்டிருந்தார், நான் ரஸியாவின் அண்ணன் கடையில் உட்கார்ந்திருந்தேன். பார்க்கப் பயந்து கைப்பேசியை ரஸியாவிடம் கொடுத்தேன். அவள் பார்த்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கழுத்தை நெரித்துவிட்டாள் என்றே சொல்ல வேண்டும்.

பாஸ். சும்மா பாஸ் இல்லை, ஏ கிரேடு. ஜெயித்துவிட்டேன், ஐயா! முட்டி போட்டவள் ஜெயித்துவிட்டேன். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினேன். ஏன் என்று தெரியாமலே இரண்டு மீனவர்கள் கை தட்டினார்கள்.

மோகன் வந்ததும் சொன்னேன். மீன் பையைக் கீழே வைத்தார். ஏதாவது கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். “சரி, சாப்பிடுவோம்” என்றார், அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மூவரும் சாப்பிட்டோம். நான்தான் அன்று பலகையில் சொன்னதையெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். கை கழுவ எழுந்தபோதுதான் மோகனின் தட்டைக் கவனித்தேன். மீன் முள் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஓரம் சுத்தமாக இருந்தது.

“ஏங்க, கறிவேப்பிலை எங்க?”

அவர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். முகம் கசந்துபோய் இருந்தது, கண் மட்டும் சிரித்தது.

“தின்னுட்டேன்லா” என்றார். “ஒன்னையே பாஸ் பண்ண வெச்சிருக்கு. அதை எப்படி ஒதுக்குறது?”